போர்டிங்கா, சேர்ந்து வீடா, கோ-லிவிங்கா: கிளிநொச்சிக் கணக்கு

கிளிநொச்சிக்கு மாற்றலாகி வருகிறவருக்கு இப்போது இருப்பது இரண்டு வழி. கனகபுரம், திருநகர் பக்கம் ஒரு வீட்டில் போர்டிங் இருக்கலாம். இல்லையென்றால் நாலைந்து பேர் சேர்ந்து முழு வீட்டையும் வாடகைக்கு எடுக்கலாம். பெங்களூரில் ஓடுகிற மாதிரி இங்கேயும் கோ-லிவிங் தொடங்கினால் என்ன என்பது மூன்றாவது கதை. அதில் வீட்டுக்கோ அறைக்கோ அல்ல, கட்டிலுக்குத்தான் வாடகை. வைஃபை, துப்புரவு, கரண்ட் எல்லாம் அந்த ஒரே மாதக் காசுக்குள் அடங்கும்.

முதலில், யாருக்கு இது தேவை? அறிவியல் நகரில் யாழ். பல்கலைக்கழகத்தின் பொறியியல், விவசாய பீடங்கள் இருக்கின்றன, ஜெர்மன் ரெக் என்கிற தொழிற்பயிற்சி நிலையம் இருக்கிறது, ஆடைத் தொழிற்சாலை இருக்கிறது, ஆகவே ஆள் குவியும் என்று கணக்குப் போடுகிறார்கள். எனக்கு அது அவ்வளவு உறுதியாகப் படவில்லை. தொழிற்சாலைப் பிள்ளைகளில் பெரும்பாலோர் கம்பனி பஸ்ஸில் ஊருக்கே திரும்பிவிடுவார்கள். மாணவர் கையில் காசு குறைவு. யாழ்ப்பாணத்து உத்தியோகத்தர்களில் பலர் ஏ9 வீதி வழியே தினமும் பஸ்ஸில் போய் வருகிறார்கள். அந்த பஸ்தான் உண்மையான போட்டியாளர். மிஞ்சுவது ஆஸ்பத்திரி, வங்கி, பாடசாலை, கண்ணிவெடி அகற்றும் நிறுவனங்கள் என்று தூர இடங்களிலிருந்து வந்தவர்கள்.

போர்டிங்கின் பலம், அது ஆள் இருக்கிற வீடு என்பது. முதல் வேலைக்கு வருகிற பெண்பிள்ளைக்குத் தாய் தகப்பன் வேறெதற்கும் லேசில் சம்மதிக்கமாட்டார்கள். காய்ச்சல் வந்தால் கஞ்சியும் கிடைக்கும். ஆனால் "பிள்ளை, ஏழு மணிக்கு கேற் பூட்டிடுவன், பிந்திறதெண்டா முதலே கோல் எடுங்கோ" என்று வீட்டுக்கார அம்மா சொன்னால் அது சட்டம். இரவு டியூட்டி பார்க்கிற தாதிக்கு அந்தச் சட்டம் சரிவராது.

சேர்ந்து எடுக்கிற வீடுதான் கணக்கில் மலிவு. கணக்கு பிழைப்பது மாதக் கடைசியில். கரண்ட் பில்லையே பாருங்கள். வீட்டுப் பாவனைக்கு யூனிட் கூடக் கூட ஒரு யூனிட்டின் விலையும் ஏறும். மாதம் 60 யூனிட்டைத் தாண்டினால் கட்டண முறையே வேறு. ஐந்து பேரின் ரைஸ் குக்கர், அயன்பொக்ஸ், கிணற்று மோட்டர் எல்லாம் ஒரே மீற்றரில் ஓடினால் பில் மேல் படிக்குப் போய்விடும். வெள்ளிக்கிழமை பின்னேரமே ஊருக்குப் போகிறவர், "நான் பாதி நாள்தானே நிண்டனான்" என்பார். 12.5 கிலோ கேஸ் முடிகிற நாளில் யார் சமைத்தாரோ அவர் தலையில் விழும். கிணற்றுத் தண்ணியைக் கொதிக்க வைத்தால் கேத்தில் அடியில் வெள்ளைப் படிவு, அதனால் குடிக்க ஆர்ஓ தண்ணிக் கான் வேறு வாங்கவேண்டும். அதைத் தூக்கி வருவது எப்போதும் மோட்டார் சைக்கிள் வைத்திருக்கிற ஒரே பொடியன்தான். இதைவிடப் பெரிய தலையிடி, அக்ரிமெண்டில் ஒருவர் மட்டும் கையெழுத்து வைப்பது. அவருக்குக் கல்யாணமோ மாற்றலோ வந்தால் மற்றவர்களுக்கு அட்வான்சும் இல்லை, வீடும் இல்லை.

கோ-லிவிங் நடத்துகிறவர் விற்பது இந்தத் தொல்லையிலிருந்து விடுதலையைத்தான். வாடகைக்கு இருப்பவருக்கு நல்ல சாமான். நடத்துகிறவருக்கு? ஒரு பேச்சுக்கு, வீட்டுக்காரருக்கு மாதம் 60,000 ரூபாய் என்று வையுங்கள். ஆறு கட்டில், தலா 18,000 என்றால் வரவு 1,08,000. கரண்ட், தண்ணி, வைஃபை, துப்புரவுக்கு 30,000 போனால் கையில் 18,000. ஒரு கட்டில் காலியானால் அந்த 18,000 அப்படியே போய்விடும், இரண்டு காலியானால் கைக்காசு போட வேண்டும். வீட்டுக்காரருக்கோ 60,000 குறையாது. இந்தத் தொழிலின் பலவீனம் இதுதான்: மேலே நிலையான வாடகை, கீழே மாதத்துக்கு மாதம் மாறும் வருமானம். லண்டனில் 500க்கு மேற்பட்ட அறைகளோடு பெயரெடுத்த த கலெக்டிவ் என்ற கோ-லிவிங் கம்பனி 2021இல் வங்குரோத்து நிர்வாகிகள் கைக்குப் போனது. அமெரிக்காவின் கொமன் (Common) கம்பனி 2024இல் வங்குரோத்தானது. பணம் கொட்டிய இடங்களிலேயே இந்த நிலை.

வன்னியில் ஒரு வித்தியாசம் உண்டு. கனடாவிலும் சுவிசிலும் இருப்பவர்கள் கட்டிவிட்டுப் பூட்டி வைத்திருக்கிற வீடுகள் பல; காவலுக்கு நிற்கிற உறவினருக்கு அவர்களே காசு அனுப்புகிறார்கள். அப்படியான வீட்டுக்காரரிடம் நிலையான வாடகை பேசாமல், செலவு போக வருகிறதில் பங்கு பேசினால் காலிக் கட்டிலின் அடி இருவருக்கும் பிரியும். வீடு பாழடையாமல் இருப்பதே அவருக்குப் பாதி லாபம். இப்படிப் பேச முடியாத இடத்தில் கோ-லிவிங்கைத் தொடவே கூடாது என்பேன்.

வவுனியாவில் கணக்கு வேறு. அங்கிருந்த யாழ். பல்கலைக்கழக வளாகம் 2021இல் தனிப் பல்கலைக்கழகமான பிறகு பம்பைமடுப் பக்கம் மாணவர் தேவைதான் முன்னுக்கு நிற்கிறது. அங்கே மலிவான போர்டிங்கை வெல்வது கடினம்.

கிளிநொச்சியில் தொடங்குகிறவர் ஆஸ்பத்திரிக்குக் கிட்ட, பெண்களுக்கு மட்டும், ஆறு கட்டிலோடு ஒரு வீடு எடுக்கலாம். ஏசியை விட்டுவிட்டு, அந்தக் காசில் சாமத்திலும் எழும்பிக் கதவு திறக்கிற ஒரு அக்காவைச் சம்பளத்துக்கு வைக்க வேண்டும். கரண்டுக்கு ஆளுக்கு ஒரு அளவு வைத்து, அதற்கு மேல் போனால் தனிக் காசு என்று முதல் நாளே எழுதி வாங்க வேண்டும்.