குவாங்சோவுக்கு மூன்று நாள்: சிங்கப்பூர் வழியா, ஹாங்காங் வழியா?

சென்னையிலிருந்து, சீனாவின் குவாங்சோவில் நடக்கும் கேன்டன் வணிகக் கண்காட்சிக்குப் போக இரண்டு வழிகள் உண்டு.

சிங்கப்பூர் வழியில் தலைவலி குறைவு. தலா ஏறக்குறைய நாலு மணி நேரப் பயணமாக இரண்டு விமானங்கள். ஒரே டிக்கெட்டாக எடுத்தால் பெட்டி நேரே குவாங்சோவில் வந்து இறங்கும். விலை குறைவு என்று தனித்தனியாக எடுத்தால், சிங்கப்பூரின் சாங்கி விமான நிலையத்தில் பெட்டியை வாங்க வெளியே வர வேண்டியிருக்கும். அங்கேதான் சிங்கப்பூர் விசா குறுக்கே நிற்கும்.

ஹாங்காங்குக்கு நேரடி விமானம், சுமார் ஐந்தரை மணி நேரம். இந்தியப் பாஸ்போர்ட்காரர்கள் ஹாங்காங்குக்குள் நுழைவதற்கான முன்பதிவை (Pre-arrival Registration) இணையத்தில் செய்து, அந்தத் தாளை அச்செடுத்துக் கையில் வைத்திருக்க வேண்டும். விமான நிலையத்திலிருந்து கவுலூனுக்கு ரயிலில் இருபது நிமிடம் சொச்சம். பக்கத்திலுள்ள மேற்கு கவுலூனில் அதிவேக ரயில் பிடித்தால் ஏறக்குறைய ஒரு மணி நேரத்தில் குவாங்சோ தெற்கு ரயில் நிலையம். ஹாங்காங், சீனா இரண்டின் குடிவரவுச் சோதனையும் மேற்கு கவுலூனிலேயே நடப்பதால் ஒரு மணி நேரம் முன்னதாகப் போய்விடுங்கள்.

சிக்கல் பெட்டியில். ரயிலில் 20 கிலோதான். நீளம், அகலம், உயரம் கூட்டினால் 130 செ.மீ. தாண்டக் கூடாது. 28 அங்குலப் பெட்டி தாண்டிவிடும். சாம்பிளும் கேட்லாக்கும் அள்ளி வருபவர்களுக்கு சிங்கப்பூர்தான் சரி. கைப்பெட்டியோடு போகிறவர்களுக்கு ஹாங்காங்.

சீன விசா ஒருமுறை நுழைவு விசா என்றால், நடுவில் ஹாங்காங் போய்த் திரும்ப முடியாது. எந்த வழியானாலும், சீனாவில் பணம் கட்ட உதவும் செயலியான அலிபேயில் கார்டை ஊரிலேயே இணைத்துவிடுங்கள். ஓடிபி இந்திய எண்ணுக்குத்தான் வரும்.