48,000 ரூபாய் கோர்ட் ஃபீஸ்: நாகர்கோவிலில் நான் ஏமாந்தது

ஈத்தாமொழிப் பக்கம் சின்னதாக ஒரு தும்பு (தேங்காய் நார்) மில் வைத்திருக்கிறேன். எங்களிடம் தும்பு எடுத்த ஒரு வியாபாரி 6,40,000 ரூபாய் பாக்கி வைத்தார். கடைசி லோடு போய் இரண்டு வருடம் ஏழு மாதம் ஆகியும் தரவில்லை. அவர் மேல் கேஸ் போடப் போன இடத்தில் இன்னொருவரிடம் 70,000 ரூபாயைப் பறிகொடுத்தேன். இந்தப் பதிவு அந்த 70,000 பற்றி. போலீசில் மனு இருப்பதால் ஆள் பெயரோ கடைப் பெயரோ எழுதவில்லை, கேட்க வேண்டாம்.

முதல் தப்பு என்னுடையதுதான். வக்கீல் ஃபீஸை மிச்சம் பிடிக்கலாம் என்று பார்த்தேன். நாகர்கோவிலில் டைப்பிங், ஜெராக்ஸ், இ-ஃபைலிங் என்று போர்டு வைத்த ஒரு கடையைத் தெரிந்தவர் ஒருவர் காட்டினார். கடைக்காரர் முன்பு வக்கீல் குமாஸ்தாவாக இருந்தாராம். "ஒண்ணும் பயப்படாண்டாம் அண்ணா, வக்கீல் கையெழுத்துக்கு ஆள் நான் வச்சிருக்கேன். ஒரு மாசத்துல நம்பர் ஆக்கித் தாறேன்" என்றார். கேஸைக் கோர்ட் ஏற்று எண் கொடுப்பதைத்தான் நம்பர் ஆவது என்பார்கள். பேச்சில் ஒரு தடுமாற்றம் இல்லை. பில், எடைச் சீட்டு, லாரி வாடகைச் சீட்டு எல்லாவற்றின் ஒரிஜினலையும் வாங்கி வைத்துக்கொண்டார். கொடுத்ததற்கு நான் ஒரு துண்டுச் சீட்டுகூட எழுதி வாங்கவில்லை.

அப்புறம் கணக்கு சொன்னார். கோர்ட் ஃபீஸ் ஏழரை சதவீதம், 48,000. சமரசக் கட்டணம் 15,000. ஃபைலிங் செலவு 7,000. கோர்ட் ஃபீஸ் இவ்வளவா என்று கேட்டதற்கு ஒரு பழைய புத்தகத்தைத் திறந்து பட்டியலையே காட்டினார். ஏழரை என்றுதான் அதில் அச்சாகியிருந்தது. கூகுள் பேயில் இரண்டு தவணையாக அவருடைய சொந்த நம்பருக்கு அனுப்பினேன்.

அவர் சொன்ன ஒவ்வொன்றிலும் கொஞ்சம் நிஜம் கலந்திருந்தது, அதனால்தான் மாட்டினேன். தமிழ்நாட்டில் ஏழரை சதவீதம் உண்மையாகவே இருந்தது, ஆனால் 2017-லேயே அதை 3 சதவீதமாகக் குறைத்துவிட்டார்கள். என் தொகைக்கு 19,200 தான் வரும். சமரசமும் நிஜம். 2015-ஆம் ஆண்டின் வணிக நீதிமன்றச் சட்டத்தில், 2018 திருத்தத்துக்குப் பிறகு, 3 லட்சமும் அதற்கு மேலும் உள்ள வியாபாரத் தகராறு இந்த வழியில்தான் போக வேண்டும். அவசரமாக இடைக்கால உத்தரவு கேட்டாலொழிய, முதலில் சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் மனு கொடுத்துச் சமரசத்துக்கு முயல வேண்டும். அதைச் செய்யாமல் பிராது (வழக்கு மனு) போட்டால் நிராகரித்துவிடலாம் என்று 2022 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது. மனுவுக்குக் கட்டணம் 1,000 ரூபாய். 15,000 என்பதும் விதியில் இருக்கிறது, 3 முதல் 10 லட்சம் வரையிலான வழக்குக்கு. ஆனால் எதிராளியும் வந்து பேச்சு தொடங்கும்போதுதான் அதைக் கட்ட வேண்டும், அதுவும் ஆளுக்குப் பாதி. என் எதிராளிக்கு நோட்டீஸ்கூடப் போகாத நேரத்தில் முழுத் தொகையையும் என்னிடமே வாங்கிவிட்டார்.

ஒரு மாதம் ஐந்து மாதமானது. போன் போட்டால் "ரிட்டர்ன் ஆயிட்டு, சரி பண்ணிப் போட்டிருக்கு" என்பார். அடுத்த முறை "சர்வர் கிடைக்கல்ல". நெருக்கிப் பிடித்தபோது கோர்ட் ஃபீஸ் ரசீதின் மங்கலான ஜெராக்ஸ் ஒன்றும், ஒரு காகிதத்தில் எழுதிய கேஸ் நம்பரும் தந்தார். அதையும் பீரோவில் பத்திரமாக வைத்தேன், பாருங்கள்!

சட்டம் படிக்கிற என் அக்கா மகன் லீவுக்கு வந்தபோதுதான் விஷயம் உடைந்தது. ரசீதைக் கையில் வாங்கினதும், "மாமா, இதுல உங்க பேரே இல்லியே" என்றான். ரசீது எண்ணை இணையத்தில் போட்டுப் பார்த்தால் 200 ரூபாய்க்கானது, வேறு யாரோ கட்டியது. கேஸ் நம்பரை இ-கோர்ட்ஸ் ஆப்பில் போட்டான். யாரோ இரண்டு பேருக்கு இடையிலான செக் கேஸ் வந்தது. என் பெயரில் எங்கேயும் எதுவும் தாக்கலாகவில்லை, ஆணைக்குழுவில் சமரச மனுவும் இல்லை. இவ்வளவையும் பார்க்க அவனுக்குப் பத்து நிமிஷம் ஆகவில்லை. ஐந்து மாதம் அதே போனில்தான் நான் "என்ன ஆச்சு?" என்று கேட்டுக்கொண்டிருந்தேன்.

பணத்தைவிட வயிற்றைக் கலக்கியது தேதிதான். சரக்குப் பாக்கிக்குக் கேஸ் போட மூன்று வருடம்தான் கெடு. இந்த ஐந்து மாதத்தில் என் கெடு முடிந்தே போயிருந்தது. என்னைக் காப்பாற்றியது ஒரு கடுதாசி. கடைசி லோடு போய் எட்டாவது மாதம், கணக்கு முடிக்கும்போது, பாக்கி இவ்வளவு என்று வியாபாரியிடம் எழுதிக் கையெழுத்தும் தேதியும் வாங்கி வைத்திருந்தேன். கெடு முடிவதற்குள் அப்படி எழுத்தில் ஒப்புக்கொண்டால் அந்தத் தேதியிலிருந்து மூன்று வருடம் புதிதாக ஓடும் என்று பிறகு பார்த்த வக்கீலம்மா சொன்னார். நல்லவேளை அது கடைக்காரரிடம் கொடுத்த காகிதக் கட்டுக்குள் இல்லை, வீட்டில் ஆடிட்டர் ஃபைலில் கிடந்தது.

வக்கீலம்மா முதலில் கேட்ட கேள்வி, "உத்யம் பதிவு இருக்கா?" என்பது. சரக்கு கொடுக்கும் முன்பே சிறுதொழிலாகப் பதிந்திருந்தால் அதற்கென்று உள்ள கவுன்சிலிலேயே பாக்கியைக் கேட்டிருக்கலாமாம். நான் பதிந்தது போன வருடம்தான். சரி, விதி!

இந்த முறை எல்லாம் நேராக நடந்தது. ஆணைக்குழுவுக்கு 1,000 ரூபாய் டிடி எடுத்தேன். எதிராளி இரண்டு நோட்டீசுக்கும் வரவில்லை. சமரசம் தொடங்கவே இல்லை என்று அறிக்கை கொடுத்தார்கள், 15,000-க்கு வேலையே வரவில்லை. சமரசத்துக்குப் போன நாட்களை மூன்று வருடக் கெடுவில் சேர்த்து எண்ண மாட்டார்கள். 19,200 ரூபாயை ஆன்லைனில் நானே கட்டினேன், ரசீதில் என் பெயர். சாதாரணப் பிராது மாதிரி இல்லாமல் இதில் சொன்னதெல்லாம் உண்மை என்று தனியாக ஒரு உறுதிமொழி வேண்டும், கையில் உள்ள ஆவணம் முழுவதையும் பட்டியல் போட்டு நகலோடு முதலிலேயே கொடுக்க வேண்டும். வாட்ஸ்அப் பேச்சின் பிரிண்டுக்குச் சான்றிதழ் வேண்டும். கடைக்காரர் தயாரித்ததாகக் காட்டிய காகிதக் கட்டுக்குள் இவை மூன்றுமே இல்லை. அதை உண்மையிலேயே தாக்கல் செய்திருந்தாலும் நம்பர் ஆகியிருக்காது.

இப்போது நம்பர் ஆகிவிட்டது. ஒவ்வொரு கேஸுக்கும் தனியாகத் தரும், பதினாறு எழுத்துள்ள சிஎன்ஆர் எண் கையில் இருக்கிறது, அடுத்த வாய்தா என்றைக்கு என்று ஆப்பில் நானே பார்க்கிறேன். யாராவது உங்களுக்குக் கேஸ் போட்டுவிட்டதாகச் சொன்னால் அந்த எண்ணைக் கேளுங்கள். இன்னும் பதிவாகவில்லை என்றால் இ-ஃபைலிங் எண்ணையும், உங்கள் பெயருள்ள கட்டண ரசீதையும் கேளுங்கள்.

ஒரிஜினல் சீட்டுகளை நாலு நடை நடந்து வாங்கினேன், இரண்டு எடைச் சீட்டு குறைவு. போலீசில் மனு கொடுத்து ரசீது வாங்கிய மறுவாரம் 25,000 ரூபாய் திரும்ப வந்தது. மீதி 45,000-க்கு, "ஓணம் கழியட்டு அண்ணா" என்றார். ஓணம் கழிந்து ஐப்பசி மழையும் தொடங்கிவிட்டது. கடை திறந்துதான் இருக்கிறது.