லிபர்ட்டியில் கஷிஷ்: 377 திரும்பி வந்த ஆண்டில் ஒரு திரைப்பட விழா

2014 மே 21 முதல் 25 வரை மும்பையில் நடந்த, தன்பாலீர்ப்பாளர், திருநர் உள்ளிட்ட பால்புதுமையருக்கான கஷிஷ் திரைப்பட விழாவுக்கு, மாதுங்காவில் தங்கியிருந்த நான் ஒரு நண்பரை அழைத்துக்கொண்டு போயிருந்தேன். வெறும் பார்வையாளனாக மட்டும் அதை இங்கே மதிப்பிடவில்லை. மறு ஆண்டு வேறொரு நகரத்தில் அறுபது பேர் அமரும் சிறு அரங்கில் ஒரே ஒரு நாள் இத்தகைய படங்களைத் திரையிட முயன்று, அதன் பாடுகளை ஓரளவு அறிந்தவன் என்ற முறையிலும் எழுதுகிறேன்.

அது எந்தச் சூழலில் நடந்த விழா என்பதை மறந்துவிட்டு அதன் தரத்தைப் பேச முடியாது. தன்பாலீர்ப்பு உறவைக் குற்றமாக்கிய, இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 377ஆம் பிரிவின் பிடியை 2009 ஜூலையில் டெல்லி உயர் நீதிமன்றம் தளர்த்தியது. கஷிஷ் 2010இல் தொடங்கியது அந்த மூச்சு விடும் இடைவெளியில்தான். 2013 டிசம்பர் 11 அன்று உச்ச நீதிமன்றம் அத்தீர்ப்பை ரத்து செய்தது, சீராய்வு மனுக்களையும் அடுத்த ஜனவரியிலேயே தள்ளுபடி செய்தது. ஆனால் அதே நீதிமன்றம் ஏப்ரல் 15 அன்று திருநங்கையர், திருநம்பியரின் பாலின அடையாளத்தைச் சட்டப்படி ஏற்றுக்கொண்டது. இப்படி நான்கு மாத இடைவெளியில் எதிரெதிரான இரண்டு தீர்ப்புகள் வந்திருக்க, ஐந்தாவது கஷிஷ், தேர்தல் முடிவு வெளியாகிப் புதிய அரசு இன்னும் பதவியேற்காத அந்த ஒரு வாரத்தில் நடந்தது.

377ஆம் பிரிவு எந்தப் படத்தையும் தடை செய்யவில்லை என்பதை இங்கே சொல்ல வேண்டும். அது தண்டித்தது செயலைத்தான், திரையிடலை அல்ல. ஆயினும் அரங்கின் வாடகை ஒப்பந்தத்தில் கையெழுத்திடுபவர், விளம்பரம் தரும் நிறுவனம், பந்தோபஸ்துக்கு வரும் காவலர் என ஒவ்வொருவரின் மனத்திலும் 'நமக்கு ஏன் வம்பு' என்ற கேள்வியை எழுப்ப அந்தப் பிரிவு ஏட்டில் இருந்தாலே போதும். அத்துடன் 1998 டிசம்பரில் இதே மும்பையில், இரண்டு பெண்களின் காதலைச் சொன்ன 'ஃபயர்' படம் ஓடிய அரங்குகள் தாக்கப்பட்டதைத் திரையரங்கு உரிமையாளர்கள் மறந்திருக்க மாட்டார்கள்.

இந்த நிலையில் ஸ்ரீதர் ரங்கயன் தலைமையிலான குழு ஏதோ ஒரு பண்பாட்டு மையத்தின் பின்னறையில் ஒதுங்கிக்கொள்ளாமல், 1949இல் திறக்கப்பட்ட, சுமார் 1,200 இருக்கைகள் கொண்ட லிபர்ட்டி திரையரங்கைத் தேர்ந்தெடுத்ததே இந்த விழாவின் முதல் சிறப்பு என்பேன். மரைன் லைன்ஸில் பம்பாய் மருத்துவமனைக்கு அருகில், தெருவில் போகிற எவரும் அண்ணாந்து பார்க்கும் கட்டடம் அது. உள்ளே தேக்குப் பலகைச் சுவர்களும், சிவப்பு இருக்கைகளும், திரையின் இருபுறமும் உறைந்து நிற்கும் நீரூற்றுகளைப் போன்ற சுதை வேலைப்பாடும், இந்தியில் குடும்பப் படங்கள் வாரக்கணக்கில் ஓடிய காலத்தை நினைவூட்டின. அதே திரையில் இரண்டு பெண்களின் காதலைக் காணும்போது, படம் சுமாராக இருந்தாலும், இடம் அதற்கு ஒரு கனத்தைக் கொடுத்துவிடுகிறது.

தணிக்கைச் சான்றிதழ் இல்லாத படங்களைத் திரையிட வேண்டுமானால், 1952ஆம் ஆண்டுத் திரைப்படச் சட்டத்தின் 9ஆம் பிரிவின்படி தகவல் ஒலிபரப்பு அமைச்சகத்திடம் விலக்குப் பெற வேண்டும். கஷிஷ் இந்தக் கதவைத் தட்டியே உள்ளே வந்தது, மறைந்து நடத்தவில்லை. ஆனால் முறைப்படி நடத்துவதற்கும் ஒரு விலை உண்டு. பார்வையாளர் பதிவு செய்துகொள்ள வேண்டும், பதினெட்டு வயது நிரம்பியதற்குச் சான்று காட்ட வேண்டும். அதாவது, எந்தப் பட்டியலிலும் தன் பெயர் ஏறக் கூடாது என்று அஞ்சுகிறவரிடமே பெயரைக் கேட்க வேண்டியிருக்கிறது. என் நண்பர் கழுத்தில் தொங்கிய அட்டையைத் திருப்பி, பெயர் சட்டைப் பக்கம் இருக்கும்படி ஐந்து நாளும் அணிந்திருந்தார். மாதுங்கா ரோடு திரும்பும் ரயிலில் ஏறும்முன் அதைக் கழற்றிச் சாப்பாட்டுப் பைக்குள், எவர்சில்வர் டப்பாவுக்கு அடியில் வைத்துவிடுவார்.

என் சொந்த முயற்சியோடு ஒப்பிட்டால்தான் இந்த ஏற்பாட்டின் அருமை விளங்கும். நான் அணுகிய அரங்கின் மேலாளர் முன்பணத்தை மகிழ்ச்சியுடன் வாங்கிக்கொண்டு, நிகழ்ச்சிக்கு இரண்டு நாள் இருக்கும்போது காவல் நிலையத்திலிருந்து ஆட்சேபணை இல்லாக் கடிதம் வேண்டும் என்றார். காவல் நிலையத்தில், அரங்கின் கடிதம் முதலில் வரட்டும் என்றார்கள். இறுதியில் ஒரு வீட்டு மொட்டை மாடியில் வேட்டியைக் கட்டிப் பதினேழு பேருக்குப் படம் காட்டினோம். காற்றில் நடிகர்களின் முகம் கோணிக்கொண்டே இருந்தது.

நிகழ்ச்சி நிரலைப் பற்றிச் சொல்வதானால், என் வாக்கு குறும்படங்களுக்குத்தான். முழுநீளப் படங்களில் பல, வெளிநாட்டு விழாக்களில் சுற்றி வந்தவை. அவற்றை எப்படியாவது பிறகு பார்த்துக்கொள்ளலாம். இந்திய மாணவர்களும் புதியவர்களும் கையிலிருந்த பணத்தில் எடுத்த பதினைந்து நிமிடப் படங்கள் அங்கே தவறினால் தவறியதுதான். ஒளிப்பதிவு சில இடங்களில் தடுமாறினாலும், வாடகை வீடு, அம்மாவின் தொலைபேசி அழைப்பு, வரன் பார்க்கும் படலம் என்று நமக்குத் தெரிந்த வாழ்க்கை அவற்றில்தான் இருந்தது. புதன் முதல் ஞாயிறு வரை ஐந்து நாள் என்பது விடுப்புக் கிடைக்காதவர்களுக்குச் சற்று நீளம். மூன்று நாளில் செறிவாக நடத்தியிருந்தால் எனக்கு இன்னும் பிடித்திருக்கும்.

உச்ச நீதிமன்றத்தின் 2018 செப்டம்பர் 6 தீர்ப்புக்குப் பிறகு தன்பாலீர்ப்பு உறவு குற்றமல்ல. 2023 அக்டோபரில் திருமண உரிமை மறுக்கப்பட்டது வேறு கதை. தணிக்கைச் சான்றிதழ் இல்லாத படங்களைக் காட்டும் எல்லா விழாக்களுக்கும் 9ஆம் பிரிவின் விலக்குக் கடிதம் மட்டும் இன்றும் தேவை. புதிதாக விழா நடத்த நினைப்பவர்கள் படத்தேர்வுக்கு முன்பே அந்தக் கடிதத்துக்கான வேலையைத் தொடங்குவது நல்லது. அரங்குக்கு முன்பணம் கொடுக்கும்போது, நிகழ்ச்சியின் பெயர் முழுமையாக எழுதப்பட்ட ரசீதைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். என்னுடையதில் 'தனியார் விழா' என்றுதான் இருந்தது. பணம் திரும்பி வரவில்லை.