டிஎஸ்ஜியைக் கழற்றிவிட்டு மேனுவல் மாட்டலாமா? பழைய போலோ ஜிடிக்கு மூன்று வழிகள்

மீட்டரில் கியர் எழுத்து மினுக்க ஆரம்பிக்கும். ரிவர்ஸ் ஒருநாள் விழும், மறுநாள் விழாது. பழைய ஃபோக்ஸ்வேகன் போலோ ஜிடி டிஎஸ்ஐ வைத்திருப்பவர் அந்தக் கட்டத்தில் கேட்பது ஒன்றுதான்: இந்த டிஎஸ்ஜியே (இரட்டை கிளட்ச் ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ்) வேண்டாம், வேறு கியர்பாக்ஸ் மாட்ட முடியுமா? முடியும். ஆனால் அதற்கு முன் எது போயிருக்கிறது என்று பார்க்க வேண்டும்.

2013-இல் இங்கே வந்த அந்த வண்டியில் 1.2 லிட்டர் டர்போ இன்ஜின். 105 குதிரைத்திறன், 175 நியூட்டன் மீட்டர் டார்க் (சுழற்று விசை). கூடவே டிக்யூ200 என்ற ஏழு கியர் டிஎஸ்ஜி. அது 250 நியூட்டன் மீட்டர் வரை தாங்கும். ஆகவே இன்ஜினின் டார்க் தாங்காமல் பாக்ஸ் போவதில்லை. சூடும், எண்ணெய் அழுத்தம் இறங்குவதும்தான் வில்லன்கள். உள்ளே இரண்டு உலர் கிளட்ச். ஒன்று 1, 3, 5, 7-க்கு; இன்னொன்று 2, 4, 6, ரிவர்ஸுக்கு. டிராஃபிக்கில் ஊர்ந்து போகும்போது முதல் கியரின் கிளட்ச் பாதி பிடித்தும் பிடிக்காமலும் தேய்ந்துகொண்டே இருக்கும். பிறகு கிளம்பும்போது ஒரு உதறல். இது கிளட்ச் செட் பிரச்சினை.

எண்ணெய் அழுத்தத்தால் கியரையும் கிளட்சையும் இயக்கும் கட்டுப்பாட்டுப் பெட்டிதான் மெக்கட்ரானிக். அதன் பிரச்சினை வேறு. அழுத்தத்தைச் சேமித்து வைக்கும் அக்யூமுலேட்டர் திருகியிருக்கும் அலுமினிய உடலில் விரிசல் விட்டால் எண்ணெய் கசிந்து, அழுத்தம் இறங்கி, வண்டி நின்ற இடத்திலேயே நின்றுவிடும். சீனாவில் 2013-இல் 3,84,181 வண்டிகளை ஃபோக்ஸ்வேகன் திரும்ப அழைத்தது டிஎஸ்ஜி கோளாறுக்காகத்தான்.

ஸ்கேனர் போட்டுப் பார்க்காமல் "பாக்ஸே போச்சு சார்" என்று சொல்பவரிடம் வண்டியை விடாதீர்கள். பல் சக்கரங்கள் நன்றாக இருந்து, கிளட்ச் செட்டோ மெக்கட்ரானிக்கோ மட்டும் போயிருந்தால் முதல் வழி, அதாவது ரிப்பேர், கண்ணை மூடிக்கொண்டு எடுக்கலாம். முழு மெக்கட்ரானிக் மாற்றினால் பில் வலிக்கும், உண்மைதான். விரிசல் விட்ட உடலை மட்டும் மாற்றித் தரும் கடைகளும் உண்டு; முதலில் அங்கே விசாரியுங்கள். வேலை முடிந்ததும் ஸ்கேனரில் அடிப்படை செட்டிங் (கிளட்ச் எங்கே பிடிக்கும் என்று பாக்ஸுக்குக் கற்றுக்கொடுப்பது) செய்தார்களா என்று கேளுங்கள். அதை விட்டால் புதுக் கிளட்சும் உதறும்.

இரண்டாவது வழி மேனுவல். எனக்கும் இதில்தான் ஆசை, ஒத்துக்கொள்கிறேன். கோவை உக்கடத்திலோ சென்னை புதுப்பேட்டையிலோ பழைய பாகக் கடைகளில் அலைந்தால் ஐந்து கியர் பாக்ஸ், பெடல் செட், கிளட்ச் மாஸ்டர் சிலிண்டர், கியர் லீவர், கேபிள், ஆக்ஸில் எல்லாம் தேறிவிடும். ஃப்ளைவீலும் கிளட்ச் செட்டும் புதிதாகவே வாங்குங்கள். இரும்பு வேலை அவ்வளவுதான். வயரிங்கில்தான் நாள் போகும். ஸ்டார்ட்டர் சுற்ற வேண்டுமானால், வண்டி பார்க்கில் அல்லது நியூட்ரலில் இருக்கிறது என்ற செய்தி கியர்பாக்ஸிலிருந்து வர வேண்டும். பாக்ஸைக் கழற்றினால் செய்தி சொல்ல ஆளில்லை. ரிவர்ஸ் லைட்டுக்கும் தனி வழி பார்க்க வேண்டும். இந்தியாவில் போலோவும் வென்டோவும் 1.2 டிஎஸ்ஐயில் டிஎஸ்ஜியோடு மட்டுமே விற்கப்பட்டன. அதனால் இங்கே ஒரு மேனுவல் வண்டியிலிருந்து ஈசியூ (இன்ஜினை ஆளும் கணினி) மென்பொருளை அப்படியே எடுத்துப் போட வழியில்லை. இதை ஏற்கெனவே செய்து, ஓடுகிற வண்டியைக் காட்டக்கூடிய டியூனர் (அந்த மென்பொருளை மாற்றி எழுதுபவர்) கிடைத்தால் மட்டும் இறங்குங்கள். "பார்த்துக்கலாம்ணா" என்பவர் கையில் கொடுத்தால் வண்டி மாதக்கணக்கில் ஷெட்டில் தூங்கும்.

மூன்றாவது, டார்க் கன்வெர்ட்டர்; கிளட்சுக்குப் பதில் எண்ணெய் வழியாக விசையைக் கடத்தும் ஆட்டோமேட்டிக். கேட்க இனிக்கும்: 2020-இல் கம்பெனியே போலோவில் 1.0 டிஎஸ்ஐக்கு ஆறு கியர் டார்க் கன்வெர்ட்டர்தான் கொடுத்தது. (பிறகு வந்த விர்டஸ் 1.5-இல் மறுபடி ஏழு கியர் டிஎஸ்ஜி. அதை விட மனமில்லை போலும்!) மேனுவலில் டிஎஸ்ஜியின் மூளை செய்த வேலையை உங்கள் இடது கால் ஏற்றுக்கொள்ளும். இதிலோ ஒரு மூளையை எடுத்துவிட்டு இன்னொரு மூளையை வைத்து, அதற்கு 1.2 இன்ஜினின் பாஷையைக் கற்றுக்கொடுக்க வேண்டும். எண்ணெய் கூலர், புது வயரிங், புது மவுண்ட் வேறு. ஆட்டோமேட்டிக்தான் வேண்டும், டிஎஸ்ஜி மட்டும் ஆகாது என்றால், இருப்பதை விற்றுவிட்டு 2020-க்குப் பிறகான போலோவைத் தேடுவது எவ்வளவோ மேல்.

முழங்கால் வலி உள்ளவர், தினமும் சென்னை ஓஎம்ஆர் நெரிசலில் போய்வருபவர், மேனுவல் பக்கம் போகவே வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை காலையில் மலை ஏற மட்டும் வண்டி எடுப்பவருக்குக் கணக்கு வேறு.

மாற்றத்தான் போகிறீர்கள் என்றால் காகித வேலையும் உண்டு. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு, ஆர்.சி.யில் உள்ள விவரம் தயாரிப்பாளர் சொன்னதிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை அழுத்திச் சொன்னது. ஆர்.டி.ஓ. அலுவலகத்திலும் இன்சூரன்ஸ் கம்பெனியிலும் எழுதிக் கேட்டு, பதிலை வாங்கிக்கொண்டு ஸ்பானரைத் தொடச் சொல்லுங்கள். கழற்றிய டிஎஸ்ஜியை உடனே எடைக்குப் போடாதீர்கள்; நாளைக்கு வண்டியை வாங்க வருபவர் அதைத்தான் முதலில் கேட்பார்.