மூன்று ரிக்கெற், ஒரே கியூஆர் கோட், 62,000 ரூபா: கிளிநொச்சியில் மைதானச் சுற்றுலாவுக்குக் காசு கட்டப் போகிறவர்கள் வாசிக்கவும்

லண்டன் பயணத்தில் ஒரு உதைபந்தாட்ட மைதானத்தைச் சுற்றிப் பார்க்கக் கட்டிய காசுக்குப் போலி ரிக்கெற் தந்த கடை ஒன்று; காசைத் திருப்பிக் கேட்க இன்று மத்தியானம் நாலாவது தடவையாக அந்தக் கடைக்குப் போய் வெறுங்கையோடு வந்து சேர்ந்தேன். விசுவமடுவில் பஸ் ஏறி, பரந்தனில் இறங்கி, அடுத்த பஸ் பிடித்துக் கிளிநொச்சி. அதே மாதிரித் திரும்பி. கோபம் ஆறினால் நானும் மற்றவர்களைப் போல ‘போனது போகட்டும்’ என்று விட்டுவிடுவேன், அதனால் சாப்பிடாமலே எழுத உட்கார்ந்துவிட்டேன்.

கடையின் பெயர் எழுதவில்லை. ஏ9 வீதிக்கரையில் விமானச் சீட்டு, விசா படிவம், போட்டோக்கொப்பி எல்லாம் ஒரே மேசையில் பார்க்கிற வகைக் கடை. மேலே ஆகாயவிமானப் படம் போட்ட போர்ட். அப்படிப் பல கடைகள் இருக்கின்றன, நல்லவர்களும் இருப்பார்கள்.

அக்கா லண்டனில். பல வருடமாகக் கூப்பிட்டு, இந்த ஆகஸ்ட் விடுமுறைக்குத்தான் எனக்கும் மகனுக்கும் விசா வந்தது. மனைவி வயலையும் மாடுகளையும் பார்க்க நின்றுவிட்டார். மகனுக்குப் பன்னிரண்டு வயது, மஞ்செஸ்ரர் யுனைற்றெட் உதைபந்தாட்டக் கழகம் என்றால் பைத்தியம். விசா வந்தவுடன் அவன் கேட்டது லண்டன் இல்லை, அந்தக் கழகத்தின் மைதானமான ஓல்ட் ட்ரஃபோர்ட்.

பைத்தியம் அவனுக்கு மட்டுமில்லை. நான் பின்னேரங்களில் பள்ளிக்கூடப் பொடியளுக்கு உதைபந்தாட்டம் பழக்குகிறவன். 1941 மார்ச்சில் ஜெர்மன்காரர் போட்ட குண்டில் அந்த மைதானம் உடைந்துபோனதையும், 1949 வரைக்கும் அவர்கள் எதிரணியான மஞ்செஸ்ரர் சிற்றியின் மைதானத்தில் விளையாடியதையும் எத்தனையோ தடவை பொடியளுக்குச் சொல்லியிருக்கிறேன். எங்கள் பக்கத்துப் பிள்ளைகளுக்கு அந்தக் கதையை விளக்கத் தேவையில்லை, உடனே பிடித்துக்கொள்வார்கள். 1910இல் கட்டியதில் மிஞ்சி நிற்பது வீரர்கள் வெளியே வந்த பழைய சுரங்கப்பாதை ஒன்றுதான். அதைக் கண்ணால் பார்க்க வேண்டும் என்பது என் ஆசை. உடைமாற்றும் அறையில் ஜேர்சிகளுக்குக் கீழே உட்கார வேண்டும் என்பது அவனுடைய ஆசை.

அக்காவிடம் சொல்லியிருந்தால் தன் கார்ட்டில் ஒரு நிமிடத்தில் எடுத்திருப்பார். ஆனால் விமானச் சீட்டே அக்காவின் காசு. இதையாவது என் காசில் செய்ய வேண்டும் என்ற வீறாப்பு. என்னிடம் இருப்பது உள்ளூர் ஏரிஎம் கார்ட், வெளிநாட்டுத் தளங்களில் அது வேலை செய்யாது. சரி, கடையில் கட்டுவோம் என்று போனேன்.

கடைக்காரர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, “சேர், நீங்கள் இன்ன வாத்தியாற்ற மகன்தானே?” என்று அப்பாவின் பெயரைச் சொன்னார். எழும்பி நின்று சொன்னார். “அவரிட்டத்தான் நான் கணக்குப் படிச்சனான். அடிச்சுத்தான் படிப்பிச்சவர், இண்டைக்கு இந்தக் கதிரையில இருக்கிறன் எண்டால் அவரால.” அப்பா செத்து ஆறு வருடம். அந்தப் பெயரை ஒருவர் அப்படி மரியாதையாகச் சொல்லிக் கேட்டுக் கனகாலம். எனக்குக் கண் கலங்கிவிட்டது என்பதை மறைக்கவில்லை. பிளேன்ரீ வந்தது, மகனுக்குப் பிஸ்கற்றும் வந்தது. அதற்குப் பிறகு நான் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. அந்த இடத்தில்தான் நான் விழுந்தேன்.

எனக்கும் மகனுக்கும் அத்தானுக்கும் மூன்று ரிக்கெற். சாதாரண சுற்றுலா இல்லையாம், பழைய வீரர் ஒருவரே கூட்டிக்கொண்டு போய்க் காட்டுகிற விசேஷமானதாம். மூன்றுக்கும் 62,000 ரூபா. சிறுபோக நெல் விற்ற காசை எண்ணி வைத்தேன். பற்றுச்சீட்டு கேட்டபோது, “சேர், உங்களுக்கு நான் ரிசீட் எழுதினால் வாத்தியார் கனவில வந்து அடிப்பார்” என்று சிரித்தார். நானும் சிரித்தேன்! தன் விசிற்றிங் கார்ட்டின் பின்பக்கத்தில் ‘62,000 ரூர்’ (சுற்றுலா) என்று பேனையால் எழுதித் தந்தார். கையெழுத்தும் இல்லை, திகதியும் இல்லை.

அப்புறம் சுவரில் ஒட்டியிருந்த பெரிய படத்தைக் காட்டி, “இந்தப் பாதையாலதான் உங்களைக் கூட்டிக்கொண்டு போவினம்” என்றார். மகன் என் சேட்டைப் பிடித்து இழுத்து, “அப்பா, அது ஆன்ஃபீல்ட். லிவர்பூல்ட மைதானம். படத்திலேயே எழுதியிருக்கு” என்று காதுக்குள் சொன்னான். எழுதித்தான் இருந்தது, ‘திஸ் இஸ் ஆன்ஃபீல்ட்’ என்று கொட்டை எழுத்தில். பெரிய ஆட்கள் கதைக்கும்போது வாயை மூடு என்று அவனைத்தான் அதட்டினேன்.

லண்டன் யூஸ்ரனில் இருந்து மஞ்செஸ்ரருக்கு ரயிலில் இரண்டு மணித்தியாலத்துக்கு மேலே. சனிக்கிழமை. அங்கே இறங்கி ட்ராம் எடுத்தால் பெட்டி முழுக்கச் சிவப்பு ஜேர்சி. மகனுக்குத் தலைகால் தெரியவில்லை. அத்தான்தான் மெல்ல, “இண்டைக்கு மட்ச் போல கிடக்கு” என்றார். எனக்கு அப்போதும் விளங்கவில்லை.

மைதான அலுவலகத்தில் இருந்த பெண் பொறுமையாகப் பார்த்தார். போட்டி நாட்களில் மைதானச் சுற்றுலாவே நடப்பதில்லையாம். பிறகு கடைக்காரர் தந்து என் போனில் இருந்த மூன்று ரிக்கெற்றையும் பக்கத்துப் பக்கத்தில் வைக்கச் சொன்னார். மூன்றிலும் ஒரே கியூஆர் கோட். பெயர்தான் மூன்று. இவை எங்களுடையவை இல்லை, மன்னிக்கவும் என்றார். அந்தப் பிள்ளை ஏன் மன்னிப்புக் கேட்க வேண்டும்?

அங்கே நின்றே கடைக்காரருக்கு வட்ஸ்அப் எடுத்தேன். “சேர், சிஸ்ரம் பிழை, ரெண்டு நிமிசம் நில்லுங்கோ” என்று ஒரு குரல்பதிவு. நாங்கள் நின்றது இரண்டு மணித்தியாலம். நான் அனுப்பியவற்றுக்கு நீலக் கோடு விழுந்தது, பதில் இல்லை. பிறகு நீலமும் விழவில்லை.

வெளியே நின்று பார்க்கக்கூடியதைப் பார்த்தோம். யுனைற்றெட்டின் பழைய வீரர்கள் பெஸ்ற், லோ, சார்ல்ரன் மூவரும் நிற்கிற சிலை. 1958 பெப்ரவரி 6 என்று எழுதி மதிலில் மாட்டியிருக்கிற மணிக்கூடு. மியூனிக் விமான விபத்தில் செத்த இருபத்து மூன்று பேரில் எட்டுப் பேர் யுனைற்றெட் வீரர்கள் என்று மகன் அத்தானுக்கு விளங்கப்படுத்தினான். போட்டி தொடங்கிய பிறகு வெளியே ஆட்கள் குறைந்துவிட்டார்கள். திடீரென்று உள்ளே இருந்து எழுபதினாயிரம் பேரின் இரைச்சல் மதில் தாண்டி வந்தது. “அப்பா, கோல்” என்றான் மகன். அவ்வளவுதான் நாங்கள் கண்ட ஓல்ட் ட்ரஃபோர்ட். அவன் ஒரு சொல்லுக்கூடக் குறை சொல்லவில்லை, அதுதான் என்னால் தாங்க முடியவில்லை. ரயில் காசை அத்தான் கொடுத்தார், அதை நான் இந்தக் கணக்கில் சேர்க்கவில்லை.

ஊருக்கு வந்து முதல் தடவை கடைக்குப் போனபோது, வேலை செய்கிற பிள்ளை “சேர் கொழும்புக்குப் போட்டார்” என்றது. அவருடைய மோட்டார்சைக்கிள் வாசலில் நின்றது. இரண்டாம் தடவை, கொழும்பில் இருக்கிற மெயின் ஏஜென்ற்தான் காசு திருப்ப வேண்டும், தான் நடுவில் நிற்கிற ஆள் என்றார். ஏஜென்றின் நம்பர் கேட்டேன். அது தரக்கூடாதாம். மூன்றாம் தடவை, “மட்ச் இருக்கோ எண்டு நீங்களெல்லோ பார்த்திருக்க வேணும், நீங்கள்தானே கோச்” என்றார். அடுத்த தடவை விமானச் சீட்டு எடுத்தால் 5,000 கழித்துத் தருவாராம். 62,000க்கு 5,000, அதுவும் நான் இன்னொரு தடவை அவரிடமே காசு கட்டினால்!

இன்று பிளேன்ரீயும் இல்லை, ‘இருங்கோ சேர்’ என்ற சொல்லும் இல்லை. கடைக்குள் வேறு ஆட்கள் இருந்தார்கள். அவர்களுக்கும் கேட்கட்டும் என்று சத்தமாக, “லண்டன் போட்டு வந்த ஆள் நீங்கள், ஒரு அறுபத்திரெண்டுக்கு இப்பிடி நடக்கிறியள்” என்றார். நான் ஏதோ அவரிடம் கடன் கேட்டு வந்தவன் மாதிரி. அப்பாவின் பெயரை இந்த நாலு தடவையிலும் அவர் எடுக்கவேயில்லை. வீட்டுக்கு வந்து அப்பாவோடு ஒரே பள்ளிக்கூடத்தில் இருந்த மாமாவிடம் சொன்னேன். “கணக்கோ? கொப்பர் தமிழெல்லோ படிப்பிச்சவர்” என்றார். அது எனக்குத் தெரியாதா? தெரியும். அப்பா தமிழ் வாத்தியார், ஊருக்கே தெரியும். அந்த நேரம் அவர் பெயரைக் கேட்ட சந்தோசத்தில், முந்தி எப்போதாவது கணக்கும் எடுத்திருப்பார் என்று நானே எனக்குச் சமாதானம் சொல்லியிருக்கிறேன்.

என்ன செய்யலாம் என்று விபரமாக எழுத நினைத்துத்தான் தொடங்கினேன். கை ஓடவில்லை. மைதான ரிக்கெற்றை அந்தக் கழகத்தின் சொந்தத் தளத்தில் மட்டும் எடுங்கள், கார்ட் இல்லாவிட்டால் வெட்கப்படாமல் அங்கே இருக்கிற சொந்தத்திடம் கேளுங்கள். அந்த நாளில் போட்டி இருக்கிறதா என்று பாருங்கள். ஒன்றுக்கு மேல் ரிக்கெற் என்றால் கோட்டை ஒப்பிட்டுப் பாருங்கள். பற்றுச்சீட்டு இல்லாமல் ஒரு சதமும் கொடுக்காதீர்கள். பாவனையாளர் அதிகார சபையின் 1977 என்ற நம்பருக்கு அடித்தேன், அவர்கள் முதலில் கேட்டதே அதைத்தான், என்னிடம் இருப்பது விசிற்றிங் கார்ட். பிள்ளை சேட்டைப் பிடித்து இழுத்தால் திரும்பிப் பாருங்கள்.

வெள்ளிக்கிழமை வரச் சொல்லியிருக்கிறார். போவேன், அங்கிருந்து பொலிசுக்கும் போவேன். மகனும் வருகிறானாம். சுவரில் இருக்கிற ஆன்ஃபீல்ட் படத்தை ஒருக்கால் போட்டோ எடுக்க வேண்டுமாம்.