தூக்கத்தில் சிறுநீர் கசியும் நாய்: மாத்திரை, டயப்பர், வலைக்கட்டில் அனுபவம்

எங்கள் லாப்ரடார் ராணிக்குக் கருத்தடை ஆபரேஷன் ஆகிச் சில வருஷம் கழித்துத்தான் இந்தத் தொந்தரவு வந்தது. நடமாடும்போது ஒன்றும் இருக்காது. அசந்து தூங்கி எழுந்தால் படுத்த இடத்தில் உள்ளங்கை அகலத்துக்கு ஈரம். குமுளியில் மழை பிடித்துக்கொண்டால் துணி காயாது என்பதால் இங்கே இது பெரும்பாடு.

"வயசாயிடுச்சு, வெளியே கட்டிப் போடுங்க" என்று சொல்பவர்கள் எங்கும் உண்டு. தயவுசெய்து கேட்காதீர்கள். ஆபரேஷனுக்குப் பிறகு ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோன் குறைவதால், சிறுநீர்க் குழாயை இறுக்கி மூடும் தசை சில பெண் நாய்களுக்குத் தளர்ந்துவிடுகிறது. பெரிய ஜாதி நாய்களில் இது கூடுதல். கசிவது அதற்கே தெரியாது. அதற்குப் போய் அதட்டுவது அநியாயம்.

ஆனால் எல்லாக் கசிவும் இதுதான் என்று நினைத்துவிடவும் கூடாது. சிறுநீர்த் தொற்று, கல், சர்க்கரை, கிட்னிக் கோளாறு, முதுகுத்தண்டுப் பிரச்சினை, எதுவும் காரணமாக இருக்கலாம். காலையில் முதல்முறை போகும்போது பின்னால் நின்று நீளக் கரண்டியில் பிடித்துச் சுத்தமான டப்பாவில் ஊற்றி, சீக்கிரமே பரிசோதனைக்குக் கொடுங்கள். ஒரு நாளில் எவ்வளவு தண்ணீர் குடிக்கிறது என்றும் அளந்து பாருங்கள். உடல் எடையில் கிலோவுக்கு 100 மில்லியைத் தாண்டினால் டாக்டரிடம் சொல்லியே ஆகவேண்டும். கசிகிறதே என்று தண்ணீரை மட்டும் குறைக்காதீர்கள்.

ராணிக்குத் தொற்று இல்லை என்று தெரிந்தபின் டாக்டர் எஸ்ட்ரியால் என்ற ஈஸ்ட்ரோஜன் வகை மாத்திரை எழுதினார். பலன் தெரியச் சில வாரம் ஆனது. பிறகு அளவைப் படிப்படியாகக் குறைத்து, இப்போது ஒருநாள் விட்டு ஒருநாள். ஆரம்பத்தில் பிறப்புறுப்பு லேசாக வீங்கி, தெரு ஆண் நாய்கள் பின்னாலேயே வந்தன. டாக்டர் முன்பே சொல்லியிருந்ததால் பயப்படவில்லை. அளவு குறைந்ததும் அதுவும் நின்றது. ஃபினைல்புரோப்பனோலமைன் என்று இன்னொரு மருந்தும் இதற்கு உண்டு. அது ரத்த அழுத்தத்தை ஏற்றக்கூடியது, டாக்டர் பார்வையில்தான் கொடுக்க வேண்டும்.

டயப்பர் வைத்தியம் ஆகாது. மலையிலிருந்து கம்பம் ஊருக்குக் காரில் இறங்கும்போது, வீட்டுக்கு ஆள் வரும்போது, அவ்வளவுதான். குழந்தை டயப்பரில் வாலுக்கு ஓட்டை போட்டாலே போதும். மூன்று நான்கு மணி நேரத்துக்கு மேல் விட்டால் தோல் சிவந்து புண்ணாகிவிடும். கழற்றியதும் வெதுவெதுப்பான தண்ணீரில் துடைத்து ஈரம் ஒற்றி எடுத்துவிட வேண்டும். குழந்தைகளுக்குப் போடும் டயப்பர் கிரீம் வேண்டவே வேண்டாம். அதில் ஜிங்க் ஆக்ஸைடு இருக்கும், நக்கினால் நாய்க்கு விஷம்.

என்னைக் கேட்டால் காசுக்கு முழு மதிப்பு வலைக்கட்டில்தான். துவைக்கும் பாயும் சாக்கும் சித்திரை வெயிலில் சரி, ஆனி ஆடி மழையில் ஊறிப்போய் நாற்றமெடுக்கும். ஏலக்காய் உலர்த்தும் ஸ்டோரின் சூட்டில் காயப்போடவா முடியும்? வலையில் கசிவு நேரே கீழே இறங்கிவிடும். அடியில் ஒரு தட்டு வைத்துக் காலையில் கழுவி விடுகிறோம். வயிறும் தொடையும் ஈரமில்லாமல் இருக்கின்றன. பின்பக்க முடியைக் குட்டையாகக் கத்தரித்து வைக்கிறோம். ஈர முடியில் ஈ முட்டையிட்டால் ஒரே நாளில் புழு வைத்துவிடும்.

தரைக்கு முதலில் சோப்புத் தண்ணீர், அப்புறம் வினிகர் கலந்த தண்ணீர். பினாயில் பாதத்தை எரிக்கும். ஈரத்துணியை வெறுங்கையால் எடுக்காதீர்கள், எலிக்காய்ச்சல் கிருமி நாயின் சிறுநீரிலும் வரலாம். மழைக்கு முன்பே அந்தத் தடுப்பூசியை வருஷா வருஷம் போட்டுவிடுங்கள்.