ஒயர் அலாரமா, வயர்லெஸ் அலாரமா? இரண்டு வீட்டில் இரண்டையும் வைத்துப் பார்த்த அனுபவம்

வீடு கட்டிக்கொண்டிருப்பவர்களுக்கு முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். திருட்டு அலாரம் இப்போதைக்கு வாங்கப் போவதில்லை என்றாலும், சுவர்ப்பூச்சுக்கு முன்னாலேயே அதற்கான பைப்பையும் ஒயரையும் போட்டு வைத்துவிடுங்கள். வாசல் நிலை, கொல்லைக்கதவு, மாடிக்கதவு, ஹால் மூலை, சைரன் வரும் இடம், அவ்வளவுதான். அன்றைக்கு அது பெரிய செலவே இல்லை. பெயின்ட் அடித்து முடித்த சுவரில் காடி வெட்ட யாருக்கும் மனசு வராது.

கோவையில் நாங்கள் 2016இல் கட்டிய வீட்டில் ஒயர் சிஸ்டம். காரைக்குடியில் அப்பா, அம்மா இருக்கும் பழைய வீட்டில் 2019இலிருந்து வயர்லெஸ். இரண்டையும் இத்தனை வருஷம் பார்த்ததில் எனக்குத் தெளிவாகத் தெரிவது இதுதான்: ஒரு சென்சார் செத்துவிட்டால் அது நமக்குத் தெரிகிறதா என்பதை வைத்துத்தான் அலாரத்தை எடைபோட வேண்டும். எத்தனை சென்சார், ஆப் எவ்வளவு அழகு என்பதெல்லாம் அப்புறம்.

ஒயர் சிஸ்டத்தில் கதவில் காந்தம், நிலையில் காந்தத்துக்கு வேலை செய்யும் ரீட் சுவிட்ச். ஒயரின் கடைசியில் ஒரு சின்ன ரெசிஸ்டர், அதாவது மின்சாரத்தை ஓரளவு தடுக்கும் பாகம். பேனல், அதாவது எல்லா ஒயரும் வந்து சேரும் அலாரப் பெட்டி, அதன் மதிப்பை எந்நேரமும் பார்த்துக்கொண்டே இருக்கும். கதவு திறந்தாலும், ஒயரை வெட்டினாலும், இரண்டு ஒயரையும் சேர்த்து முறுக்கினாலும் மதிப்பு மாறிவிடும், பேனல் கண்டுபிடித்துவிடும். ஆனால் வேலைக்கு வருபவர்கள் சிலர், சுலபமாக இருக்கிறதென்று அந்த ரெசிஸ்டரை சென்சார் பக்கம் வைக்காமல் பேனல் பெட்டிக்குள்ளேயே மாட்டிவிட்டுப் போய்விடுவார்கள். அப்படிச் செய்தால் வழியில் எங்கே ஒயரைச் சேர்த்து முறுக்கினாலும் பேனலுக்குக் கதவு மூடியிருப்பதாகவே தோன்றும். காசு கொடுப்பதற்கு முன் பெட்டியைத் திறந்து காட்டச் சொல்லுங்கள்.

பராமரிப்பு என்று பார்த்தால் 12 வோல்ட் 7 ஏஹெச் பேட்டரி ஒன்றுதான். நம் ஊர் வெயிலுக்கு மூன்று வருஷம் தாண்டினாலே மாற்றிவிடுவது நல்லது. உப்பிப்போகும் வரை விட்டுவைக்கக் கூடாது. எலி கடிக்கும் என்று பலர் பயப்படுகிறார்கள். பைப்புக்குள் போன ஒயருக்கு எங்கள் வீட்டில் ஒன்றும் ஆகவில்லை, ஃபால்ஸ் சீலிங் மேல் வெறுமனே கிடந்ததை மட்டும் கடித்தது. மின்னல்தான் இதைவிடக் கெட்டது. நீளமான ஒயர் மின்னல் அதிர்வை வாங்கி நேராகப் பேனலுக்குக் கொண்டுவந்துவிடும். ஐப்பசி மழையில் ஒருமுறை பேனலில் மாடிக்கதவு ஒயர் சேரும் இடம் (ஜோன்) கருகிப்போனது. எர்த்திங் சரியாக இருக்கிறதா என்று பார்த்து, சர்ஜ் பாதுகாப்பும் போட்ட பிறகு தொந்தரவில்லை.

வயர்லெஸ்ஸில் எனக்கு மிகவும் பிடித்தது கையடக்கமான அவசர பட்டன். அம்மா அதைத் தலைமாட்டிலேயே வைத்திருக்கிறார். ராத்திரி கொல்லையில் சத்தம் கேட்டால் எழுந்து போய் லைட் போட வேண்டியதில்லை, அழுத்தினால் தெருவுக்கே கேட்கும். தனியாக இருக்கும் பெரியவர்களுக்கு இதற்காகவே வயர்லெஸ் வைக்கலாம் என்பேன். சுவரையும் தொடவேண்டாம், அரை நாளில் வேலை முடிந்துவிடும்.

ஆனால் அது விடாமல் கவனிப்பு கேட்கும். ஒவ்வொரு சென்சாரிலும் ஒரு பேட்டரி, ஒவ்வொன்றும் ஒவ்வொரு நேரத்தில் தீரும். "ஏம்ப்பா, ராத்திரி பூரா அந்தப் பொட்டி கீச்சு கீச்சுங்குது" என்று அம்மா போன் செய்தால், எங்கேயோ பேட்டரி இறங்கிவிட்டது என்று அர்த்தம். கீச்சென்று சொல்வதாவது நல்லது. கடையில் மலிவாகக் கிடைக்கும் 433 மெகாஹெர்ட்ஸ் ஒருவழி செட்டுகளில் (சென்சார் பேனலுக்கு அனுப்பும், பேனல் பதில் அனுப்பாது) பலவற்றில், கதவு திறந்தால் மட்டும்தான் சென்சார் வாய் திறக்கும். பேட்டரி செத்துப்போனாலோ, சிக்னலை முடக்கும் ஜாமரை யாராவது வைத்தாலோ பேனல் எல்லாம் நலமென்று நினைத்துக்கொண்டிருக்கும். வாங்கினால் இருவழி செட்டாக வாங்குங்கள். சென்சார் இடைவெளி விட்டு ஆஜர் சொல்லிக்கொண்டே இருக்கும், சொல்லாவிட்டால் போனுக்குத் தகவல் வரும். கனமான சுவரும் இரும்பு பீரோவும் சிக்னலைத் தின்றுவிடும் என்பதால், எல்லாக் கதவையும் மூடி வைத்துச் சோதித்துப் பார்த்த பிறகே சென்சாரை ஒட்டவேண்டும்.

இனி சொல்பவை இரண்டுக்குமே பொருந்தும். அசைவு சென்சார், சுற்றியுள்ள சூட்டுக்கும் உடம்புச் சூட்டுக்கும் உள்ள வித்தியாசத்தைத்தான் பார்க்கிறது. சித்திரை, வைகாசியில் பூட்டிக்கிடக்கும் ஹால் 36, 37 டிகிரிக்குப் போனால் அதன் பார்வை மங்கும். கதவு சென்சாரை விட்டுவிட்டு இதை மட்டும் நம்பக் கூடாது. பல்லி லென்ஸ் மேல் ஊர்ந்தாலும் அலறும், மாதம் ஒருமுறை துடையுங்கள்.

பராமரிப்பு மின்தடை நாளில் பேனல் பேட்டரியில் ஓடும், வைஃபை ரூட்டர் அணைந்துவிடும். அதனால் சிம் உள்ள பேனல் அவசியம். பழைய 2ஜி பேனலில் ஜியோ சிம் போட்டால் வேலை செய்யாது, ஜியோவில் 2ஜி சேவையே கிடையாது. அந்த சிம்முக்கு ரீசார்ஜ் தேதியைக் காலண்டரில் குறித்துவைப்பதும் நம் பொறுப்புதான்.

ஊர் வீட்டில் அடுத்து ஹைப்ரிட் பேனல் போடப்போகிறேன். வாசலுக்கும் கொல்லைக்கதவுக்கும் கேசிங் பட்டி அடித்து ஒயர், உள் அறைகளுக்கும் அம்மாவின் பட்டனுக்கும் வயர்லெஸ். மழைக்காலத்தில் உப்பும் தேக்குக்கதவைச் சீவிச் சரிசெய்ய ஆசாரி வந்ததும் வேலை ஆரம்பம்.